கீகன் சொன்ன வரி

கடாட்சம் அந்த வரியை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தபோது நவம் எழுந்தார். கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளினார். கொளுவியில் தொங்கிய கோட்டை எடுத்தார். ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வரியில் இன்னும் நாலு சொல் மிச்சம் இருந்தது. கடாட்சம் அதையும் வாசித்து முடித்தார்.

“சகோதரனின் இரத்தத்தில் கையெழுத்து வைத்தவன், எந்தத் தண்ணீரில் கை கழுவுவான்?”

கை தட்டினார்கள். டி வலேரா பக்கம் இருந்தவர்கள் ஓங்கித் தட்டினார்கள். கொலின்ஸ் பக்கம் இருந்தவர்கள் முறைக்காகத் தட்டினார்கள். படிக்கட்டின் கீழே கதவு சாத்தும் சத்தம் அதற்குள் அமுங்கிப்போயிற்று.

லண்டனின் வடமேற்கு மூலையில், ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில், சனிக்கிழமை பின்னேரங்களில் கூடும் வாசிப்பு வட்டம் அது. ஆரம்பத்தில் விட்டு வந்த நாட்டின் வரலாற்றைத்தான் வாசித்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் யாராவது யாரோடாவது கதைப்பதை நிறுத்தினார்கள். கலியாண வீடுகளில் மேசை மாறி இருந்தார்கள். கடைசியில், வட்டத்தை நடத்திவந்த லோசனி ரீச்சர், ஒரு குளிர்காலம் முழுக்க வேறு ஒரு நாட்டை வாசிப்போம் என்றார். அயர்லாந்தை எடுத்துக்கொண்டார்கள்.

அங்கேயும் நெடுங்காலச் சண்டை. அங்கேயும் ஓர் ஒப்பந்தம். 1921 மார்கழியில் இதே லண்டனில் கையெழுத்தானது. முழு விடுதலையும் இல்லை, முழு நாடும் இல்லை, ஆனால் ஏதோ ஒன்று. கொலின்ஸ் அதை வாங்கிக்கொண்டு போனார். டி வலேரா வேண்டாம் என்றார். அடுத்த கோடையில், ஒன்றாக ஒளிந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். கொலின்ஸும் சுடப்பட்டுச் செத்தார், சுட்டது யார் என்று இன்றுவரை குழப்பம்.

நூறு வருடம் பழைய கதை. செத்தவர்களில் ஒருவரும் சொந்தக்காரர் இல்லை. யாருக்கும் நோகாது என்று நினைத்தார்கள்.

கொஞ்ச நாளிலேயே மேல்மாடிக் கதிரைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டன. தேத்தண்ணிக் கேத்தல் கொலின்ஸ் பக்கத்தில் இருந்தது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்த பக்கம், அதனால்தான் கேத்தலும் அங்கே என்று டி வலேரா பக்கத்தார் பகிடி விட்டார்கள். உங்களுக்கு ஊற்றித் தந்தாலும் கொள்கைக்காகக் குடிக்கமாட்டீர்கள் என்று கொலின்ஸ் பக்கத்தார் திருப்பிக் கொடுத்தார்கள். கடாட்சம் டி வலேரா பக்கத்தின் முதல் கதிரை. நவம் கொலின்ஸ் பக்கத்தின் கடைசிக் கதிரை. அதிகம் பேசாதவர். ஒரே ஊர், ஒரே வகுப்பு, லண்டனிலும் ஒரே தெரு. வருவதும் போவதும் கடாட்சத்தின் காரில்தான்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறைக்காரர் ஒரு துண்டில் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு வரவேண்டும். அதை வாசித்து, அதை வைத்து வாதாட வேண்டும். வரியின் கீழே யார் சொன்னது, எப்போது சொன்னது, யாரிடம் சொன்னது என்று மூன்றும் எழுத வேண்டும் என்பது ரீச்சர் வைத்த விதி. யார் சொன்னது என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். ரீச்சர் கேட்பார். அடுத்த முறை எழுதுவோம் என்பார்கள்.

கடாட்சத்தின் துண்டில், ‘கீகன், அயர்லாந்துப் போராளி’ என்று இருந்தது. அந்த வரியை அவர் எங்கேயும் தேடவில்லை. இருபது வயதில், யாழ்ப்பாணத்தில் கை மாறிக் கை மாறி வந்த ரோனியோ இயந்திரத்தில் படியெடுத்த ஒரு பிரசுரத்தின் அட்டையில் இருந்தது. அன்றைக்கே மனப்பாடம். இவ்வளவு காலமும் ஒரு சொல் தவறாமல் நெஞ்சில் கிடந்தது.

வரியை முதல் முறை வாசித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் கடாட்சம் முன்னால் ஒன்றைச் சேர்த்தார். எங்கள் ஊரிலும் எண்பத்தேழில் ஓர் ஒப்பந்தம் வந்தபோது, ‘இதையாவது வாங்கிக்கொண்டு இருப்பம்’ என்று சொன்ன ஆள் ஒருவர் இருக்கிறார், தூரத்தில் இல்லை, இந்த மாடியில்தான் இருக்கிறார் என்றார். சிலர் சிரித்தார்கள். நவமும் சிரித்தமாதிரித்தான் இருந்தது. அவருக்குக் கீகனின் பதில் இதுதான் என்று சொல்லிவிட்டு, கடாட்சம் வரியை இரண்டாம் முறை வாசித்தார்.

நவத்தின் தம்பி கேதீஸ்வரன் இயக்கத்துக்குப் போய்த் திரும்பி வராதவன் என்பது மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சகோதரன் என்ற சொல் வாயை விட்டுப் போகும்போது கடாட்சத்துக்கு அது நினைவில் இல்லை. வாதம் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.

கூட்டம் கலையும்போது ஒருவர் வந்து தோளில் தட்டினார். கொலின்ஸைச் சுட்டது யார் என்று இனிக் குழப்பமே இல்லை, கடாட்சண்ணைதான் என்றார். கடாட்சம் சிரித்தார். கதிரைகளுக்கு நடுவே நவத்தைத் தேடினார். கீழே காரடியில் நிற்பார் என்று நினைத்தார். காரடியில் ஒருவரும் இல்லை.

புதன்கிழமை நவம் நோர்வேக்குப் போகிறார். மகளோடு இருக்க. இனித் திரும்பி வரமாட்டார். விமான நிலையத்துக்குக் கடாட்சம்தான் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. ஞாயிறு காலையில் கைபேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. ‘டாக்சிக்குச் சொல்லியிருக்கு. நீ மினக்கெடாதே.’

கடாட்சம் அழைத்துப் பார்த்தார். மணி அடித்து அடித்து நின்றது.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வரி. நூறு வருடத்துக்கு முந்திய ஒருவன் சொன்ன வரி. அதற்குப் போய். வரி பொய்யாக இருந்தால் தன்னில் பிழை, வரி உண்மையாக இருந்தால் நவத்தில் பிழை என்று கணக்குப் போட்டுக்கொண்டு லோசனி ரீச்சர் வீட்டுக்குப் போனார்.

ரீச்சர் அவரைவிட வயதில் குறைந்தவர். டப்ளினில் ஒரு நூலகத்தின் பழைய பத்திரிகைப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு, தங்கச்சியோடு இருக்க லண்டன் வந்தவர். யார் வந்து எதைக் கேட்டாலும் வெட்டிய நறுக்குத் தரமாட்டார். முழுப் பக்கம்தான் தருவார்.

கதவைத் திறந்தவுடனேயே கடாட்சம் கேட்டார்.

“ரீச்சர், அந்த வரி உண்மையோ, பொய்யோ?”

“உண்மை.”

“வடிவாத் தெரியுமோ?”

“நானும் ஒருக்காத் தேடிப் போனனான்.”

கடாட்சத்துக்கு மூச்சு வந்தது. “அப்ப நான் பிழை விடேல்லை.”

ரீச்சர் உள்ளே போனார். மடித்த ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். ஒரு பத்திரிகைப் பக்கத்தின் முழு அளவுப் பிரதி. மேசை போதாமல் இரண்டு பக்கமும் தொங்கியது. அயர்லாந்தின் மேற்கில் கில்மராக் என்ற சின்ன ஊரின் வாரப் பத்திரிகை. ஒப்பந்தம் கையெழுத்தான அடுத்த மாதம்.

“வாசியுங்கோ.”

கடாட்சம் விரலை ஓட்டினார். ஆங்கில எழுத்துகள் எறும்பு எறும்பாக இருந்தன. தபால் பிரிக்கும் வேலையில் இருந்த கண் அது. கீகன் என்ற பெயரை உடனே பிடித்துவிட்டது. அதன் கீழே வரி இருந்தது. சகோதரன், இரத்தம், கையெழுத்து, தண்ணீர். பிரசுரக்காரர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

“இருக்குது.”

“ஓம், இருக்குது.”

ரீச்சர் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார். “கொண்டுபோய் வாசிச்சுப்போட்டு வாங்கோ.”

“இப்பதானே வாசிச்சனான்?”

“இப்ப தேடினனீங்கள்.”

வாசல்வரை வந்தார். கடாட்சம் சப்பாத்துப் போடும்வரை நின்றார்.

“நவத்தைப் பாத்தனீங்களோ, அண்ணை?”

“இதை முடிச்சுப்போட்டுப் போறன்.”

அன்று பின்னேரம் கடாட்சம் கீகனின் பேச்சை முழுதாக வாசித்தார். கில்மராக் ஊராட்சி மன்றம் கூடியிருந்தது. ஒப்பந்தத்தை ஏற்கும்படி நாட்டு மன்றத்தைக் கேட்கும் ஒரு தீர்மானம். கீகன் போராளி இல்லை. குதிரைச் சேணம் தைக்கும் கடைக்காரர், மன்ற உறுப்பினர். எழுந்து நின்று, இன்றைக்குக் காலையில் வீட்டு வாசலில் வைத்து என் தாய் என்னிடம் ஒன்று கேட்டாள் என்கிறார். அதன் பிறகுதான் அந்த வரி. வரிக்குப் பிறகு, அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை, என்னிடம் பதில் இல்லை, தீர்மானத்தை ஆதரிக்கிறேன் என்கிறார். உட்கார்ந்துவிடுகிறார். அவ்வளவுதான்.

கடாட்சம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். வரி கீகனுடையதே இல்லை. கீகனுக்கு எதிராகச் சொல்லப்பட்டது. கீகன் ஏற்றுக்கொண்ட பக்கம்.

ஒரு கணம் நெஞ்சு இறங்கிப்போயிற்று. அடுத்த கணம் எழும்பிவிட்டது. அடுத்த சனிக்கிழமைக்கு இதைவிட நல்ல பேச்சு கிடைக்காது. மனதுக்குள் முதல் வசனம் உருவாகிவிட்டது. கையையும் ஒருமுறை நீட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் ரீச்சர் வீட்டுப் படியில் நின்றபடியே தொடங்கினார். பிரசுரக்காரர் எப்படி ஏமாற்றிவிட்டார்கள், ஒரு தலைமுறையையே எப்படி ஏமாற்றிவிட்டார்கள், சனிக்கிழமை எழுந்து எல்லோருக்கும் முன்னால் அந்தப் பிரசுரத்தை எப்படிக் கிழிக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார். ரீச்சர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

“மண்டபத்தில ஆர் ஆர் இருந்தவை?”

கடாட்சம் நிறுத்தினார். “உறுப்பினர்கள்.”

“வேற?”

“தெரியேல்லை.”

“கீகனுக்கு முதல் ஆர் கதைச்சவர்?”

“அதைப் பாக்கேல்லை.”

“குடியுங்கோ, ஆறப்போகுது.”

அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது ரீச்சர் இன்னொரு தாளைக் கொண்டுவந்து விரித்தார். அதே கிழமை, பக்கத்து ஊரில் வந்த பத்திரிகை. ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் நடத்தியது. அதே கூட்டம் அதிலும் இருந்தது. எதிர்த்துப் பேசியவர்களின் பேச்சு நீளமாக இருந்தது. கீகனுக்கு ஒரே ஒரு வரி. உறுப்பினர் கீகனும் பேசினார், மண்டபத்தில் எழுந்த கூச்சலால் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

கடாட்சம் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப எது மெய்?”

“ரெண்டும் பேப்பர்.”

“நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

“கீகன் எழும்பினவர். மண்டபத்தில சத்தம் இருந்தது. அவ்வளவும் சொல்லலாம்.”

“அந்த வரி?”

“முதல் பேப்பர்க்காரன் கீகனுக்குக் கிட்ட இருந்திருப்பான்.”

“இல்லாட்டி அவனே எழுதியிருப்பான்?”

“அதுவும் நடக்கிறதுதான்.”

கடாட்சத்துக்கு எரிச்சல் வந்தது. இப்படியே போனால் எதை வைத்துத்தான் பேசுவது என்று கேட்டார். இருபது வயதிலிருந்து தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்று, நேற்று ஒருமுறை கை மாறியது, இன்றைக்கு இன்னொருமுறை கை மாறுகிறது, நாளைக்குக் கையில் ஒன்றுமே இருக்காது என்றார்.

ரீச்சர் இரண்டு தாளையும் சேர்த்து மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“பக்கம் முழுக்க வாசிச்சனீங்களோ?”

“மற்றதெல்லாம் மாட்டு விலை, ரீச்சர்.”

“ஓம்.”

வாசலில் திரும்பவும் கேட்டார். “நவம்?”

“நாளைக்குப் போறன். இன்னும் நாள் இருக்குத்தானே.”

ரீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கதவுப் பிடியைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க மழை. கடாட்சம் யன்னலடியில் இருந்து பக்கத்தை ஒரு மூலையில் தொடங்கினார். ரீச்சரில் இருந்த எரிச்சலில்தான் தொடங்கினார். மாட்டு விலையை வாசித்தார். சப்பாத்து விளம்பரத்தை வாசித்தார். பாலம் திருத்தும் வேலைக்கு ஆள் தேவை. தேவாலய மண்டபத்தில் நடக்க இருந்த நடனம் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒருவருடைய கறுப்புப் பசு காணாமற்போயிருக்கிறது, கொம்பில் ஒன்று உடைந்தது. வாசிக்க வாசிக்க அந்த ஊரில் குளிரும் சேறும் இருந்தன. ஆட்கள் சந்தைக்குப் போனார்கள். கூட்டம் நடந்த நாளே சந்தை நாள்தான். அதனால்தான் மண்டபத்தில் அவ்வளவு சனம். மாடு விற்க வந்தவர்கள் பின்னால் நின்றிருக்கிறார்கள்.

கீகனுக்கு முதல் பேசியவரையும் வாசித்தார். அவர் எழுந்து, வீட்டில் சாவு விழாதவர்கள் மட்டும் இந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பின்னால்தான் கீகன் எழும்பியிருக்கிறார்.

கீகனின் பேச்சு இருந்த பத்திக்கு அடுத்த பத்தியில், அறிவித்தல்களுக்கு நடுவே, நாலு வரி இருந்தது. இத்தனை தரம் விரல் அதைத் தாண்டிப் போயிருந்தது. திருமதி கீகனும் குடும்பத்தாரும், தங்கள் அண்மைய துயரில் பங்குகொண்ட அனைவருக்கும் நன்றி சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத முடியாத நிலையில், இதையே எல்லோரும் நன்றியாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறார்கள். திருமதி கீகனின் இளைய மகன், ஒப்பந்தத்துக்கு முந்திய கோடையில் சுடப்பட்டு இறந்தவன்.

கடாட்சம் விரலை எடுக்கவில்லை.

சகோதரன் என்றால் அந்தச் சகோதரன். வாசலில் நின்று கேட்டவள் அவனைப் பெற்றவள். கீகன் அதைக் கேட்டுக்கொண்டு, மழையிலோ பனியிலோ நடந்து, அந்தக் கூட்டத்துக்குப் போய், வீட்டில் சாவு விழாதவர்கள் கை தூக்குங்கள் என்று ஒருவன் சொன்ன பிறகு எழும்பியிருக்கிறான். மண்டபத்தில் சத்தம் இருந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் கேட்டிருக்காது.

அவனுடைய வாயிலிருந்து அதைப் பிடுங்கி ஒருவன் அட்டையில் போட்டான். அட்டையிலிருந்து கடாட்சம் எடுத்தார். எடுத்து யாரிடம் கொடுத்தார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

எழுந்து கோட்டைப் போட்டார். கதவடிவரை போனார். நவத்தின் வீடு தெருவின் மறுமுனை. போய்க் கதவைத் தட்டினால் நவம் திறப்பார். திறந்தால் என்ன சொல்வது? கடாட்சம் பெரிய மேடைகளில் எழுதாமல் பேசியவர். வாசிப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நவத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபோது கால் நின்றுவிட்டது. கோட்டைக் கழற்றினார். காலையில் ரீச்சரைக் கேட்டுக்கொண்டு போகலாம். விமானம் மத்தியானம்தானே.

புதன்கிழமை விடிந்ததும் தாளைச் சுருட்டிக்கொண்டு ரீச்சர் வீட்டுக்குப் போனார். ரீச்சர் அப்போதுதான் எழும்பியிருந்தார். அவரைப் பார்த்ததும் முகம் மாறியது.

“நவத்திட்டப் போகேல்லையோ?”

“போகத்தான் வந்தனான். இதைக் கொண்டுபோய்க் காட்டட்டோ?” தாளை நீட்டினார். அடுத்த பத்தியைச் சொன்னார். கீகன் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று நவம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

“கீகனில நவத்துக்குக் கோபம் இல்லை, அண்ணை.”

கடாட்சம் தாளை இறக்கினார். பிறகு, என்றைக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“என்ன சொல்லுறது, ரீச்சர்? ஒரு வரி சொல்லித் தாங்கோ.”

ரீச்சர் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தார்.

“நவம் என்ன சொன்னவர்?”

“அண்டைக்குச் சொன்னனே. ‘இதையாவது வாங்கிக்கொண்டு இருப்பம்’ எண்டு.”

“எப்ப?”

“ஒப்பந்தம் வந்த ஆடி மாதம்.”

“எங்க வைச்சு?”

“அவையின்ர கேற்றடியில.”

“ஆரிட்ட?”

கடாட்சம் தாளின் சுருளை மேசையில் வைத்தார். ரீச்சர் காத்திருந்தார்.

பிறகு கடாட்சம் சொல்லத் தொடங்கினார். வானொலியில் செய்தி வந்த பின்னேரம். சந்தியில் யாரோ வெடி கொளுத்தினார்கள். கடாட்சம் நவத்தைக் கூட்டிக்கொண்டு போக வந்து சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு நின்றார். கேதீஸ் உள்ளேயிருந்து வந்தான். தோளில் ஒரு பை. நீல நிறச் சேட்டு, அது நவத்தினுடையது. நவம் ஓடிவந்து கேற்றை இழுத்து மூடிக்கொண்டு குறுக்கே நின்றார். அடுக்களையில் தாய் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று. தாய் வெளியே வரவில்லை. கேதீஸ் விலகு என்றான். இந்த ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை என்றான். அப்போதுதான் நவம் சொன்னார்.

“என்ன சொன்னவர்?”

“‘டேய், இதையாவது வாங்கிக்கொண்டு இருப்பம்.’”

“அவ்வளவோ?”

கடாட்சம் மேசையைப் பார்த்தார். முதல் முறை சொன்னது ரீச்சருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறைதான் கேட்டது.

“‘நீ இரு. ஆரும் போகத்தான் வேணுமெண்டால் நான் போறன். நீ அம்மாவோட இரு.’”

கேதீஸ் கேற்றால் போகவில்லை. பின்பக்க வேலியால் போனான். நவம் இருட்டும்வரை கேற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். கடாட்சமும் வெளியே நின்றார். இருவரும் இன்றைக்குவரை அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

சொல்லி முடித்துவிட்டுக் கடாட்சம் நிமிர்ந்தார். ரீச்சரின் கண் கலங்கியிருந்தது. கடாட்சம் சுருட்டிக்கொண்டு வந்த தாளை அவர் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“இப்ப சொன்னதைச் சனிக்கிழமை வாசிச்சிருக்கலாம், அண்ணை.”

கடாட்சம் எழுந்தார்.

தெரு நனைந்திருந்தது. அவர் வேகமாகத்தான் நடந்தார். நவத்தின் வீட்டுத் திரைகள் கழற்றப்பட்டிருந்தன. யன்னலால் பார்த்தால் பின்சுவர்வரை தெரிந்தது. மணியை அடித்தார். உள்ளே அது பெரிதாகக் கேட்டது. பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவள், அங்கிள் போய்விட்டார், டாக்சியை நேரத்தோடு வரச் சொல்லியிருந்தார் என்றாள். போகும்போது இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு நின்றார், யாரையோ எதிர்பார்க்கிறாராக்கும் என்று நினைத்தேன் என்றாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

குப்பை வண்டி வந்து போயிருந்தது. நவத்தின் தொட்டி வெறுமையாக, மூடி திறந்தபடி, நடைபாதையில் குறுக்கே கிடந்தது. கடாட்சம் அதை நிமிர்த்தினார். மூடியைச் சாத்தினார். சில்லு சத்தம் போடாமல் மெல்ல இழுத்துக்கொண்டு போய், வீட்டின் பக்கச் சுவரோடு அது எப்போதும் நிற்கும் இடத்தில் வைத்தார்.